எழும்போது கேட்கும் கரண்ட்

1

போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் ஆள் வந்து என் மகளின் மூச்சு மிஷினைத் திருப்பிக் கேட்டார். கையில் மூன்று நகல்களோடு ஒரு படிவம். இந்த வெள்ளைக்கார நாட்டில் பிறந்தாலும் படிவம், இறந்தாலும் படிவம். இடையில் மூச்சு விடுவதற்கும் ஒன்று இருந்தது, அதை இப்போது முடித்துவைக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து வருஷமாக எங்கள் வீட்டில் இருந்த மிஷின் அது. கடைசி ஒன்றரை வருஷமாக அதற்கு வேலை இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, இனி இவளுக்கு இது தேவைப்படாது, வேறொரு குழந்தைக்குப் போகட்டும் என்று எழுதிவிட்டார். அந்த வார்த்தையைக் கேட்ட அன்று சிவகாமி, என் மனைவி, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தெற்கு எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டு, அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். குன்றக்குடி முருகன் தெற்கே இருக்கிறாரா கிழக்கே இருக்கிறாரா என்று நான் திருத்தவில்லை.

வந்தவர் மிஷினைத் தூக்கப் போகும்போது என் மகள் கலா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. "ஐந்து நிமிஷம் கொடுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மிஷினை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, வீட்டுக்குப் பக்கவாட்டில் நிற்கிற எங்கள் வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வந்தவருக்குச் சிவகாமி டீயும் முறுக்கும் கொடுத்து உட்காரவைத்தாள்.

அந்த ஐந்து நிமிஷத்தில் கலா என்ன செய்தாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அது விளங்க வேண்டுமானால், அந்த வேனுக்கு ஓர் இன்வெர்ட்டர் தேடி நான் பட்ட பாட்டை முதலில் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து கடிதம் போடுகிறவர்கள் லண்டன் பாலத்தைப் பற்றி எழுது, பனியைப் பற்றி எழுது என்கிறார்கள். பதினாறு வருஷத்தில் நான் லண்டனைப் பார்த்தது பாஸ்போர்ட் வேலையாக நாலு தடவை. எனக்குத் தெரிந்தது மோட்டார். அதனால் அதைத்தான் எழுதுவேன்.

2

அறுபத்து மூன்றில் கப்பல் ஏறுவதற்கு முன் காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு கடையில் மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். பம்புசெட் மோட்டார்கள் எரிந்துபோய் மாட்டு வண்டியில் வந்து இறங்கும். கறுத்த கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து அனுப்புவோம். இங்கே லண்டனுக்கு வடக்கே யார்க்ஷயரில் ஒரு கம்பளி ஆலையிலும் அதே வேலைதான். மோட்டார் பெரியது, வார்னிஷ் வாடை ஒன்றேதான்.

சிவகாமி காரைக்குடிப் பக்கத்துக் கல்லல்காரி. என் பின்னாலேயே இரண்டு வருஷத்தில் வந்துவிட்டாள். கலா இங்கே பிறந்தாள். நாலு வயதில் அவளுக்கு இழுப்பு ஆரம்பித்தது. குளிர் காலத்தில் ஒரு சளி பிடித்தால் போதும், மார்பு விசில் அடிக்கும். எட்டாவது வயதில் ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்த மிஷினை இரவலாகக் கொடுத்தார்கள். ஒரு சின்னக் காற்றுப் பம்பு, ஒரு ரப்பர்க் குழாய், முகத்தில் வைத்துக்கொள்ள ஒரு மூடி. மருந்தைப் புகை மாதிரி ஆக்கி நெஞ்சுக்குள் அனுப்பும். பத்து நிமிஷத்தில் பிள்ளையின் தோள் இறங்கும், உதட்டில் நிறம் வரும். அதைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் அவர் குலம் நன்றாக இருக்கட்டும்.

ஆனால் அதற்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். "கரண்ட் இல்லாத இடத்தில் இவளை ஒரு பொழுதுகூடத் தங்கவைக்காதீர்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியம் எங்களை வீட்டோடு கட்டிப்போட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கடற்கரைக்குப் போய்வந்து கதை சொல்லும்போது கலா கேட்டுக்கொண்டு வருவாள். அதைவிடப் பெரிய குறை கல்லலில் இருந்தது. சிவகாமியின் அப்பா, என் மாமனார், பேத்தியைப் போட்டோவில்தான் பார்த்திருந்தார். குன்றக்குடிக்கு ஆடிக் கிருத்திகையன்று பிள்ளையோடு வந்து பால்குடம் எடுப்பதாகச் சிவகாமி நேர்ந்துகொண்டிருந்தாள். எப்படிப் போவது? கல்லலுக்குக் கரண்ட் வந்திருந்தது. வந்த கரண்ட் போகவும் நன்றாகப் பழகியிருந்தது.

அப்போதுதான் ஆலையில் என்னோடு வேலை பார்த்தவர் தன் வேனை விற்றார். இங்கே அது ஒரு வகை வண்டி. உள்ளே அடுப்பு, கைகழுவும் தொட்டி, மடக்கினால் பெஞ்சாகவும் விரித்தால் கட்டிலாகவும் ஆகிற பலகை. கண்டனூர்ப் பக்கம் அரண்மனை மாதிரி வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். நூறு பேர் படுக்கலாம், ஆள் வருவது கல்யாணத்துக்குத்தான். இது நேர்மாறு. நாலு பேர் படுக்கலாம் என்று சொல்லி விற்பார்கள், மூன்று பேர் புரண்டு படுக்க முடியாது. எனக்கு வேனில் கண் விழுந்ததற்குக் காரணம் வேறு. வண்டியின் பாட்டரியை வைத்து மிஷினை ஓட்டிவிட்டால், அதே போல ஒரு பாட்டரியை வைத்துக் கல்லலிலும் ஓட்டலாம். வேனில் முடிந்தால் கல்லலிலும் முடியும். இதைச் சிவகாமியிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு, "வாங்கிப்புடுங்க" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

3

பாட்டரி தருவது பன்னிரண்டு வோல்ட். மிஷின் கேட்பது வீட்டுக் கரண்ட், இருநூற்று நாற்பது வோல்ட். ஒன்றை மற்றொன்றாக மாற்றுகிற பெட்டிதான் இன்வெர்ட்டர். எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும் என்பது, அதில் எதையெல்லாம் சொருகப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. ஆகவே சிவகாமியைப் பட்டியல் போடச் சொன்னேன். தப்பு என்னுடையது. சீர் சாமான் பட்டியல் பார்த்து வளர்ந்தவளிடம் பட்டியல் கேட்டால் என்ன வரும்? மூச்சு மிஷினுக்குக் கீழே மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, மேசை விசிறி, டேப் ரெக்கார்டர், கூடவே வெந்நீர் போடும் பாத்திரம்.

"சிவகாமி, நாம வேன்ல போறமா, தனிக்குடித்தனம் போறமா?"

"நீங்கதான எழுதச் சொன்னீக? இல்லாட்டி இஸ்திரிப் பெட்டிய அடிச்சுப்புடுங்க. கசங்குன சட்டையோட கடலப் பாருங்க."

ஒவ்வொன்றாக அடித்தோம். இஸ்திரிப் பெட்டியும் வெந்நீர்ப் பாத்திரமும் பாட்டரியை ஒரே மூச்சில் குடித்துவிடும். அவற்றை அடிக்க நேரமாகவில்லை. மிக்ஸிக்குத்தான் வாக்குவாதம். ஊரிலிருந்து வந்த ஒருவர் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த மிக்ஸி அது. கடைசியில் அவளே, "மாவை வீட்டுலயே ஆட்டித் தூக்குல எடுத்துக்கிருவோம், புள்ள மிஷினு ஓடுனாப் போதும்" என்று பேனாவை வாங்கி அடித்தாள். பட்டியலில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. மிஷினின் அடியில் நூற்றைம்பது வாட் என்று போட்டிருந்தது.

கடையில் முந்நூறு வாட் இன்வெர்ட்டர் ஒன்று இருந்தது. டிரான்ஸிஸ்டர் வைத்த புது மாதிரி, புத்தகம் போல ஒல்லி, பளபள என்று முகப்பு. தேவைக்கு இருமடங்கு இருக்கிறதே என்று சந்தோஷமாக வாங்கிவந்தேன். வண்டியைக் கிளப்புகிற பாட்டரியைத் தொடாமல் தனியாக இன்னொரு பாட்டரி வைத்தேன். கம்பியைக் கட்டைவிரல் தடிமனுக்குப் போட்டேன், நீளத்தைக் குறைத்தேன். அதிலெல்லாம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இனி சோதனை. எங்கள் காரைக்குடிக் கடையில் எதுவாக இருந்தாலும் முதலில் பல்பு போர்டில், அதாவது பல்பு செருகிய சோதனைப் பலகையில், மாட்டித்தான் பார்ப்போம். பல்பு எரிந்தால் மனசு குளிர்ந்துவிடும், அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். அந்தப் பழக்கத்தில் மூன்று நூறு வாட் பல்புகளை மாட்டி இன்வெர்ட்டரைப் போட்டேன். மூன்றும் கல்யாண வீடு மாதிரி எரிந்தன. சிவகாமி பெட்டிக்குக் குங்குமம் வைத்தாள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். மிஷினையே மாட்டி ஓட்டிப் பார்த்திருக்கலாம். ஆஸ்பத்திரிச் சொத்து, ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று பயந்து மாட்டவில்லை.

4

பயத்துக்குக் காரணம் உண்டு. மிஷினை ஊருக்கு வெளியே கொண்டு போக ஆஸ்பத்திரி அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கருவி வைக்கப்படும் விலாசம் என்று படிவத்தில் ஒரு கட்டம்.

"வேனில் வைத்திருப்போம்" என்றேன்.

"வேன் விலாசம் ஆகாது. அது நகரும்" என்றார் அங்கிருந்த அம்மாள்.

"நகர்வதற்காகத்தான் வாங்கினேன்."

அவர் மேலதிகாரியைக் கேட்டார். மேலதிகாரி டாக்டரைக் கேட்கச் சொன்னார். டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து, வண்டியின் நம்பரையே விலாசமாக எழுதிக்கொள்ளலாம் என்று முடிவானது. சிரித்துக்கொண்டே எழுதினேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அம்மாள் முத்திரை குத்திக் கொடுக்கும்போது, என்னோடு வந்திருந்த கலாவைப் பார்த்து, "எனக்கு ஒரு போஸ்ட் கார்டு போடு" என்றார். படிவத்துக்குப் பின்னால் ஒரு மனுஷி இருந்தார். இந்த நாட்டில் அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆனது.

5

ஜூலை மாதம் கடற்கரைச் சிற்றூர் ஒன்றுக்குப் போனோம். கலாவுக்கு ஒன்பது வயது, கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கத்திக்கொண்டு ஓடினாள். நிற்கச் சொன்னால் நிற்கவில்லை. குளிர்ந்த காற்று, ஓட்டம், சிரிப்பு எல்லாம் சேர்ந்து மதியம் இரண்டு மணி போல இழுப்பு வந்துவிட்டது. பரவாயில்லை, இதற்குத்தானே எல்லாம் செய்து வைத்திருக்கிறோம் என்று நிதானமாக வேனுக்குத் தூக்கிவந்து மிஷினைப் போட்டேன்.

மிஷின் 'ங்' என்று ஒரு முனகல் முனகியது. இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவ்வளவுதான், எல்லாம் நின்றுவிட்டது. அணைத்துப் போட்டேன். மறுபடியும் முனகல், மறுபடியும் சிவப்பு விளக்கு. மூன்றாவது தடவையும் அதேதான். கலா மூடியை முகத்தில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

எதிரே ஒரு முடிதிருத்தும் கடை. ஓடினேன். வாசலில் போய் நின்றதும் எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. இந்த ஊர் வழக்கப்படி, மன்னிக்க வேண்டும், தொந்தரவுக்கு வருந்துகிறேன், ஒரு சின்ன உதவி என்று வாக்கியம் கட்டிக்கொண்டு நிற்கிறேன். காயில் கட்டியது போல நாக்கு சுற்றிக்கொண்டது. அதற்குள் சிவகாமி ஒரு கையில் மிஷினும் இடுப்பில் பிள்ளையுமாக என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மிஷினின் பிளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு,

"ஐயா, புள்ளைக்கு மூச்சு முட்டுது! கரண்டு குடுங்கய்யா!" என்றாள். அத்தனையும் கல்லல் தமிழ்.

நாற்காலியில் ஒருவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார். யாரும் சொல்லாமல் அவர் எழுந்துகொண்டார். கடைக்காரர் கலாவைத் தூக்கி நாற்காலியில் வைத்தார். தன் முடிவெட்டும் கருவியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எங்களுடையதைச் சொருகினார். மிஷின் ஓடியது. நுரைக்காரர் வாசலுக்குப் போய், கடை மூடியிருக்கிறது என்கிற பக்கமாக அட்டையைத் திருப்பிவிட்டு, பத்து நிமிஷமும் துண்டைப் பிடித்தபடி நின்றார். நுரை காய்ந்து உதிர்ந்தது. பிள்ளையின் தோள் இறங்கியதும் கடைக்காரர் சிவகாமிக்கு ஒரு கோப்பை டீ கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய பெயர் ஜார்ஜ். காசு கொடுக்கப் போனேன். "மின்சாரத்துக்கு யாராவது காசு வாங்குவார்களா?" என்றார். வாங்குவார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

6

மறுநாள் காலை சிவகாமி அவரைக்காய் நறுக்கிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஏங்க, பல்பு மூணும் நல்லாத்தான எரிஞ்சுச்சு?"

"எரிஞ்சுச்சு."

"எங்க வீட்டுக் கொல்லைக் கெணத்துல மோட்டாரு போடயில, எங்க ஐயா அங்குட்டுருந்து சத்தம் குடுப்பாக, 'வெளக்கப் பாரு'ன்னு. நான் உள்ள நின்னு பாப்பேன். வெளக்கு மங்கி எந்திரிச்சுச்சுன்னா 'ஓடுது ஐயா'ம்பேன். மங்குனது மங்குனபடியே கெடந்தா ஓடிப்போயி நிறுத்தணும். இல்லைன்னா மோட்டாரு கருகி உங்க கடைக்குத்தான் வரும்."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஓடயிலவிட எந்திரிக்கயில அதுக்கு ரொம்பக் கரண்டு வேணுமாமுல்ல? நீங்கதான காயிலு கட்டுனீக. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். காரைக்குடியில் தெரியும், இந்த ஆலையில் தினமும் தெரியும். மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது ஓடுவதைப் போல ஐந்து ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும், ஒரு கணம்தான். பல்புக்கு அந்தத் தொல்லை இல்லை. மிஷினுக்குள் இருப்பதும் ஒரு மோட்டார்தான் என்பதை, அடியில் எழுதியிருந்த நூற்றைம்பதைப் பார்த்த சந்தோஷத்தில் மறந்துபோனேன். முந்நூறு வாட் இன்வெர்ட்டர் அந்த ஒரு கணத்தைப் பார்த்து மிரண்டு வாயை மூடிக்கொண்டது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நான் ஆனையும் இல்லை. பிள்ளையின் மூச்சை வைத்துப் பல்பு போர்டு விளையாட்டு விளையாடியவன்.

மறுபடியும் தேடினேன். பெரிய டிரான்ஸிஸ்டர் இன்வெர்ட்டர்கள் இருந்தன. ஆனால் அந்தக் காலத்து மாதிரிகளில் கரண்டின் அலை சதுரம் சதுரமாக வெட்டி வந்தது. மோட்டார் அதில் முனகிக்கொண்டே சூடேறும். கடைசியில் பழைய இராணுவச் சாமான் விற்கிற ஒரு கடையில் தரையில் கிடந்த இரும்புக் கட்டி ஒன்றைப் பார்த்தேன். பாட்டரியில் ஓடும் மோட்டார் ஒரு பக்கம், அதே இரும்புத் தண்டில் வீட்டுக் கரண்ட் எடுக்கும் டைனமோ மறு பக்கம். கன்வெர்ட்டர் என்பார்கள். பதினாறு கிலோ கனம். ஓடினால் மாவு மில் மாதிரி சத்தம். தகட்டில் இருநூற்றைம்பது வாட் என்றுதான் இருந்தது, அந்த ஒல்லிப் பெட்டியைவிடக் குறைவு. ஆனால் உள்ளே கனமான உருளை சுற்றிக்கொண்டிருக்கிறது. வெளியே ஒரு மோட்டார் எழுந்திருக்கக் கரண்ட் கேட்டால், சுற்றுகிற வேகத்தை வைத்தே அந்த ஒரு கணத்தைத் தாங்கிக்கொள்ளும்.

இந்தத் தடவை வெறும் பல்பை நம்பவில்லை. ஆலையில் சும்மா கிடந்த ஒரு சின்னக் காற்றுப் பம்பைக் கேட்டு வாங்கிப் போனேன். கடைக்காரர் பொறுமையாகப் பாட்டரி எடுத்துக் கொடுத்தார். பம்பையும் ஒரு பல்பையும் சேர்த்து மாட்டிப் போட்டேன். பல்பு மங்கியது. பிறகு பல்பு எழுந்தது, பம்பு ஓடியது. ஒரு தடவை இல்லை, இருபது தடவை போட்டுப் பார்த்தேன். இன்வெர்ட்டர் வாங்க நினைக்கிற யாருக்கும் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அடியில் எழுதியிருக்கிற வாட்டைப் பார்க்காதீர்கள், எழும்போது எவ்வளவு கேட்கிறது என்று பாருங்கள்.

7

கன்வெர்ட்டர் வேனில் ஏறிவிட்டது. கலா ஏற மாட்டேன் என்றாள்.

அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. "ஓடும் என்று போன தடவையும் சொன்னீர்கள். இந்தத் தடவை ஓடும் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நாங்கள் தமிழில் பேசுவோம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். வீட்டில் இரண்டு ஸ்டேஷன் ரேடியோ ஓடுவது போல அதற்குப் பழகியிருந்தோம். ஆனால் எந்தப் பாஷையில் கேட்டிருந்தாலும் அது நியாயமான கேள்வி.

குளிர்காலம் முழுவதும் வேன் வாசலிலேயே நின்றது. பதில் சொன்னவள் சிவகாமி. கன்வெர்ட்டரிலேயே ஒரு சின்னப் பல்பையும் மாட்டித் தரச் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளையை வேனுக்குள் உட்காரவைத்தாள்.

"அப்பாவப் பாக்காத. வெளக்கப் பாரு. மங்கும், பயந்துக்கிறாத. மங்கி எந்திரிச்சுச்சுன்னா ஓடுதுன்னு அர்த்தம். நீயே போடு."

கலாவே சுவிட்சைப் போட்டாள். விளக்கு மங்கியது, எழுந்தது. அணைத்துவிட்டு மறுபடியும் போட்டாள். அன்று பாட்டரி தீரும்வரை போட்டாள். ஈஸ்டர் விடுமுறையில் அவளே, ஜார்ஜ் கடைக்குப் போகலாமா என்று கேட்டாள். மணகோலம் என்கிற எங்கள் ஊர்ப் பலகாரத்தை ஒரு டப்பா நிறையச் செய்து எடுத்துப் போனோம். அவர் அதை என்ன செய்வது என்று தெரியாமல் முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு டப்பாவைத் திருப்பித் தரவே இல்லை. அலுவலகத்து அம்மாளுக்குக் கலா போஸ்ட் கார்டும் போட்டாள்.

8

எழுபத்தாறு ஆடியில் ஊருக்கு வந்தோம். ஆளுக்கு இருபது கிலோதான் விமானத்தில் அனுமதி. அதில் ஒருவர் பங்கு கன்வெர்ட்டருக்கே போனது, மூச்சு மிஷினும் மருந்தும் வேறு. சொந்தக்காரர்களுக்கு வாங்கிய சட்டைத்துணி, சோப்பு, சாக்லேட் எல்லாவற்றையும் சிவகாமி வெளியே எடுத்துவைத்தாள். வெளிநாட்டிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்கள் என்று ஊரில் பேச்சு வரும் என்று அவளுக்குத் தெரியும். வந்தது.

விமான நிலையத்தில் ஓர் அதிகாரி இரும்புக் கட்டியைத் தட்டிப் பார்த்தார். "இது என்ன சார், மோட்டார் இறக்குமதியா?" டாக்டரின் கடிதத்தைக் காட்டினேன். அரை மணி நேரம் படித்தார். கடைசியில், திரும்பும்போது இதைக் கையோடு கொண்டு போக வேண்டும் என்று பாஸ்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதனால்தான் அது இன்றும் என் வேனில் இருக்கிறது.

கல்லல் ஸ்டேஷனில் மாமனார் நின்றார். பதின்மூன்று வருஷத்தில் நன்றாக ஒடுங்கிப்போயிருந்தார்.

"வாங்க மாப்ள, சொகமா இருக்கீகளா?" என்று என்னைக் கேட்டாரே தவிர, கண் கலாவிடம்தான் இருந்தது. "வா ஆத்தா" என்றார். கலா ஹலோ சொன்னாள். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு ஓடவில்லை. ஒரு வாரம் அவர் சிரிப்பார், அவள் சிரிப்பாள், அவ்வளவுதான்.

கிருத்திகையன்று குன்றக்குடியில் சிவகாமி பால்குடம் எடுத்தாள். கலா படிக்குப் படி நின்று நின்று ஏறினாள். யார் கையையும் பிடிக்கவில்லை. இழுப்பு வரவில்லை. வந்தது இரண்டு நாள் கழித்து, கல்லல் வீட்டில். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அன்று செம்மண் பறந்தது. பிற்பகல், கரண்ட் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கலாவின் மார்பு விசில் அடிக்க ஆரம்பித்ததும் மாமனார் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தார். "டவுனுக்குக் கார் சொல்லவா மாப்ள?" என்றார். சென்னையில் வாங்கிவந்த பாட்டரியில் கன்வெர்ட்டரையும், அதில் அந்தச் சின்னப் பல்பையும் மாட்டினேன். முற்றம் முழுக்கச் சத்தம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மிஷினைப் போட்டேன். மாமனாருக்குப் பழக்கம் விடவில்லை. மோட்டார் போடுகிற சத்தம் கேட்டதும், மகளைப் பார்த்து, "வெளக்கப் பாரு!" என்று கத்தினார்.

சிவகாமி வாயைத் திறப்பதற்குள் கலா, மூடியை முகத்திலிருந்து கொஞ்சம் விலக்கி, இழுத்த மூச்சுக்கு நடுவே சொன்னாள்:

"மங்கி... எந்திரிச்சுச்சு."

பெரியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தன் கொல்லைக் கிணற்று வார்த்தை, சீமையில் பிறந்த பேத்தி வாயில் வருகிறது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஓடுது, ஓடுது" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பத்து நிமிஷத்தில் கலாவின் தோள் இறங்கியது. அதன் பிறகு மீதி இருந்த மூன்று வாரமும் இரண்டு பேரும் கிணற்றடியிலேயே கிடந்தார்கள். அவர் மோட்டார் போடுவார், இவள் வீட்டுக்கு ஓடி விளக்கைப் பார்ப்பாள். நாங்கள் திரும்பிய மறு வருஷம் அவர் காலமானார். பார்க்க முடிந்ததே என்று அழுகையினூடே சிவகாமி சொன்னாள். நானும் அதையேதான் நினைத்தேன். ஜார்ஜுக்கு, அந்த நுரைக்காரருக்கு, விலாசக் கட்டத்தில் வண்டி நம்பரை ஏற்றுக்கொண்ட அம்மாளுக்கு, எல்லாருக்கும் மேலாகச் சிவகாமிக்கு, என் நன்றியை எழுதிவைக்க வேண்டும் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் எழுதுகிறேன்.

9

வியாழக்கிழமைக்கு வருகிறேன். வேனுக்குள் மாவு மில் சத்தம் கேட்டது. முறுக்குத் தின்றுகொண்டிருந்தவர் திடுக்கிட்டார். சத்தம் ஒரு நிமிஷம் ஓடி நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கதவு திறந்தது. கலா மிஷினைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அதன் பக்கவாட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, ஆங்கிலத்தில், கொட்டை எழுத்தில்:

"அடுத்து இதை வைத்திருக்கப் போகிறவருக்கு. இதை எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம். பக்கத்தில் ஒரு விளக்கு வைத்துக்கொள். தொடங்கும்போது மங்கும், பயப்படாதே. மங்கி எழுந்தால் ஓடுகிறது. நான் கல்லல் வரைக்கும் கொண்டு போனேன்."

வீட்டுக் கரண்டில் இந்தச் சின்ன மிஷினுக்கு விளக்கு மங்காது என்று சொல்ல வாயெடுத்தேன். சிவகாமி என் காலை மிதித்தாள்.

வந்தவர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். "இதற்குக் கட்டம் இல்லை" என்றார். சரி, கிழித்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஓரம் தூக்கியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

"கல்லல் என்பது எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

"குன்றக்குடிக்குப் பக்கத்தில்" என்றாள் கலா, அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது போல.